நூற்று அறுபத்தைந்து அகலம் போதும்

டயர் வாங்கிவிட்டேன், கண்ணு. நான்கு சக்கரத்துக்கும் ஸ்டெப்னிக்கும் சேர்த்தே வாங்கிவிட்டேன். நீ எழுதியிருந்த அகலத்தில் வாங்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றைந்து மில்லிமீட்டர் அகலத்தில், அலாய் ரிம்மோடு, பக்கவாட்டில் வெள்ளை எழுத்து வைத்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தாய். மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் பார்க்க எடுப்பாக இருக்கும், அதற்குப் பிறகு விற்கும்போதும் நல்ல கிராக்கி இருக்கும் என்று காரணமும் எழுதியிருந்தாய். நான் வாங்கியது நூற்று அறுபத்தைந்து. பழைய இரும்பு ரிம்மையே சுரண்டிப் பெயின்ட் அடித்து மாட்டியிருக்கிறேன். வண்டியை விற்கப் போவதில்லை. ஊர்வலத்துக்கு வேண்டுமானால் தருகிறேன், பூ கட்டிக்கொள். ஆனால் ஓட்டுகிறவள் நானாகத்தான் இருப்பேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை நீ நிதானமாகப் படிப்பாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் டயரைப் பற்றியதில்லை, உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் பற்றியது. பெண் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் பழைய மனிதர்கள், அதனால் ரேஸ் ஓட்டியது அப்பா என்று சொல்லிவைத்திருக்கிறேன், வண்டியும் அவருடையது என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு உன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். ஆவடித் தொழிற்சாலையில் இத்தனை வருடமாக டாங்கிகளுக்கு இரும்புப் பட்டை மாட்டுகிற மனிதர் அவர். அந்தப் பட்டையைக் கழற்றி, கண்ணி கண்ணியாகக் கோத்து, மறுபடி மாட்டத் தெரியும். நம் காரைக் குவார்ட்டர்ஸ் சந்துக்குள்ளிருந்து ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, என்னைத்தான் கூப்பிடுவார். லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்த மனிதரைப் போய் ரேஸ் வீரர் ஆக்கிவிட்டாயே, உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா.

இப்போது யோசித்தால் எல்லாம் பொருந்துகிறது. பெண் பார்க்கக் காஞ்சிபுரம் போனபோது ஆவடியிலிருந்து நான்தான் ஓட்டிவந்தேன். அவர்கள் தெரு திரும்புகிற முனையில் நிறுத்தச் சொன்னாய். நீ ஓட்டுவதாகச் சொல்லி என்னைப் பின்னால் உட்காரவைத்தாய். பிள்ளை பந்தா காட்ட ஆசைப்படுகிறான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தேன். அப்புறம் அவர்கள் நம் வீடு பார்க்க வந்த அன்று பலகாரத் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் பார்த்தேன், ஷோகேஸில் இருந்த கோப்பைகள் எல்லாம் திரும்பியிருந்தன. பெண்கள் பிரிவு என்று பொறித்திருந்த பக்கம் சுவருக்கு, வெறும் பளபளப்பு வந்தவர்களுக்கு. பெண்ணின் அப்பா உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆளு சார் நீங்க என்றார். உன் அப்பா என்னைப் பார்த்தார், நான் உன்னைப் பார்த்தேன், நீ மிக்சரைப் பார்த்தாய். வந்தவர்கள் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அது அன்றைக்கு மட்டும்தான். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உனக்குத் தெரிந்த கதையைத்தான் இப்போது எழுதப் போகிறேன். நீ ஒரு கதை கட்டி ஊரில் விட்டிருக்கிறாய், அதற்குப் பக்கத்தில் உண்மையும் எழுத்தில் இருக்கட்டும். நான் சென்னீர்குப்பத்தில் நெல்லும் கத்திரியும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்தில் பிறந்தவள். அண்ணன்கள் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதால் டிராக்டர் என் கைக்கு வந்தது. சேற்றில் டிராக்டர் ஓட்டினவளுக்கு ரோட்டில் கார் ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். எங்கள் ரோட்டோர நிலத்தை விற்றபோது என் பங்காக வந்தது இந்தப் பழைய பத்மினி கார். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் கொடுத்து இரட்டைக் கார்புரேட்டர் வைத்து, இன்ஜினைத் திறந்து வேலை பார்த்து, சைலன்சரையும் மாற்றினேன். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பெண்களுக்கும் ஒரு போட்டி உண்டு என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனவள், அடுத்த வருடம் ஓட்டவே போனேன். உன் அப்பாவின் காக்கி உடையைக் கையிலும் காலிலும் மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டேன். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் லாரி பிடித்து வந்து கூச்சல் போட்டார்கள். அந்த லாரியின் முன்னால் நின்றுகொண்டு கத்திக் கத்தி உனக்குத் தொண்டை கட்டிப்போனது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் உன் டீச்சர் கேட்ட கேள்விக்குச் சைகையில் பதில் சொன்னாயாம். அந்தப் பையன் எங்கே போனான் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்தது மறந்துவிட்டதா அம்மா என்று கேட்டிருந்தாய். வருடக்கணக்காக நீ அதைச் சொந்தக்காரர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிவந்திருக்கிறாய், எங்கம்மா என்னை ஏரியில் தள்ளப் பார்த்தவங்க என்று. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இப்போது அதையே காரணம் காட்டி என் கையிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கப் பார்க்கிறாய். அப்படியென்றால் இனிமேல் அது வேடிக்கைக் கதை இல்லை. அன்றைக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று சரியாகச் சொல்லிவிடுகிறேன். வேகத்தால் நடந்தது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அகலத்தால் நடந்தது.

வண்டியில் முதலில் இருந்த டயர்கள் மெலிசானவை, கம்பெனி போட்டுக் கொடுத்தவை. அவை தேய்ந்து மொட்டையானதும் என்ன டயர் போடுவது என்ற பேச்சு வந்தது. நம் வீட்டு வாசலில் அதற்கு ஒரு மாநாடே நடந்தது. உன் அப்பா, அவருடன் வேலை பார்த்தவர்கள், மதுரைக்காரர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், எல்லாரும் டாங்கிக்காரர்கள். வேறு ஊரில் நாலு ஆம்பிளைகள் கூடி டயர் பற்றிப் பேசியிருந்தால் லாரியைப் பற்றிப் பேசியிருப்பார்கள், பஸ்ஸைப் பற்றிப் பேசியிருப்பார்கள். இவர்களுக்குத் தெரிந்த வண்டி ஒன்றுதான். டாங்கிக்குப் பட்டை அகலமாக இருப்பதால்தானே எந்தச் சேற்றிலும் போகிறது, அதனால் காருக்கும் அகலமே நல்லது என்று முடிவு கட்டிவிட்டார்கள். உன் அப்பா விரலால் தரையில் படம் போட்டு விளக்கினார். "அகலம் கூடுனா பிடி கூடும், பாத்துக்கோ" என்றார். நானும் டிராக்டர்க்காரிதானே. உழவுச் சேற்றில் இறங்கும்போது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இரும்புக்கூண்டு மாட்டி அகலத்தைக் கூட்டினவள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய நூற்று எண்பத்தைந்து அகல டயர்களை யாரோ பார்த்துச் சொன்னார்கள். ரிம்மின் குறுக்களவு ஒன்றுதான், மாட்டினால் மாட்டும் என்றார்கள். மாட்டவும் மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் குவார்ட்டர்ஸே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. நம் பத்மினி திடீரென்று மார்பை விரித்து நின்றது. ஆனால் ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ரிம் குறுகலானது, டயரோ அகலமானது. அதனால் டயரின் இரண்டு பக்கமும் பிதுங்கி, வளைவில் திருப்பினால் வண்டி ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் திரும்பியது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசியது. உன் அப்பா சுத்தியலை எடுத்துவந்து மட்கார்டை உள்ளே மடக்கிக் கொடுத்தார், தீர்ந்தது பிரச்சினை என்றார். அந்த வருடம் சோழவரத்தில் வளைவுகளில் முன்பைவிடக் கொஞ்சம் துணிச்சலாகத் திருப்ப முடிந்தது, நிஜம். நேர் பாதையில் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள், அதுவும் நிஜம். நம் சின்ன இன்ஜினுக்கு அந்த டயரை உருட்டுவதிலேயே பாதி பலம் போயிற்று. வெயில் காலம் முழுக்க இப்படி ஓட்டினேன். பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. பூந்தமல்லியில் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டு ஆவடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ பின்சீட்டில் மாமா வாங்கிக் கொடுத்த பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தாய். பட்டப்பகல்தான், ஆனால் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ரோடே தெரியவில்லை, ஒரே தண்ணீர்ப் பாய். நான் அறுபதைத் தொடவில்லை. முன்னால் ஒரு பஸ் அதைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இறங்கியதும் ஸ்டியரிங் கையில் லேசாகிவிட்டது. இடப்பக்கம் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. வலப்பக்கம் திருப்பினேன், அதற்கும் பதில் இல்லை. வண்டி அதன் இஷ்டத்துக்கு ஏரிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. பிரேக்கை மிதிக்கவில்லை. மிதித்திருந்தால் சுழன்றிருக்கும், நீயும் நானும் இந்தக் கடிதமும் இருந்திருக்க மாட்டோம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக் காத்திருந்தேன். வேகம் குறைந்ததும் டயர் ரோட்டைத் தொட்டது, கை கனத்தது, ரோட்டோரக் கருங்கல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. நீ பின்சீட்டிலிருந்து, பம்பரம் விழுந்துடிச்சும்மா என்றாய். நான் உன்னை முன்சீட்டுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ நினைவு வைத்திருக்கிற அழுகை அதுதான். பயந்து அழுதேன், வெட்கப்பட்டு அழவில்லை. உன் உயிரைக் காப்பாற்றியது ரேஸில் பழகிய இந்தக் கையும் காலும்தான். இதை நான் யாரிடமும் பணிவாகச் சொல்வதாக இல்லை.

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டியதும் உன் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். டாங்கிக்குப் பட்டை ஏன் அகலமாக வைக்கிறீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள் என்றேன். சேற்றில் புதைந்து போகாமல் மேலாக நிற்பதற்குத்தான் என்றார். அவர் வாயிலேயே பதில் இருந்தது, அவருக்குத்தான் கேட்கவில்லை. "எனக்கு இன்னாத்துக்குய்யா மேல நிக்கணும்? தண்ணிக்கு அடியில ரோடு கீது. நான் அதுல போய் நிக்கணும்" என்றேன். டாங்கிக்குத் தரையே எதிரி, அதில் அமிழக் கூடாது. காருக்குத் தரைதான் பிடிமானம், அதோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் வந்தால் மெலிந்த டயர் அதைக் கிழித்துக்கொண்டு கீழே போய்விடும். அகல டயர் அத்தனை தண்ணீரையும் ஒதுக்க முடியாமல் அதன்மேல் ஏறி மிதக்கும், அதுவும் கோடுகள் தேய்ந்த டயராக இருந்தால் கேட்கவே வேண்டாம். டிராக்டர்க்காரிக்கும் டாங்கிக்காரருக்கும் சேறுதான் உலகம். அதனால் ஒரு குவார்ட்டர்ஸே கூடி உட்கார்ந்து ஒரே தவறைச் செய்தோம். மறுநாளே அந்த அகல டயர்களைக் கழற்றினேன். நல்ல கோடுள்ள நூற்று அறுபத்தைந்து ரேடியல் தேடிப்பிடித்து மாட்டினேன்.

அடுத்த மழைக்கு அதே ரோடு, அதே தண்ணீர், அதே வண்டி. உன் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து அழைத்துப் போனேன், வேண்டுமென்றேதான். ஸ்டியரிங் கனமாக, ஒழுங்காகக் கையில் இருந்தது. அவர் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியில், சரிதான், டாங்கி வேற கார் வேற என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வர ஒரு ஏரியைத் தாண்டவேண்டியிருந்தது. பிறகு சோழவரத்தில் ஒருமுறை போட்டிக்கு நடுவே தூறல் போட்டபோது, அகல டயர் போட்டிருந்த கார்கள் எல்லாம் பதுங்கிப் பதுங்கிப் போயின. நான் போகவேண்டிய வழியில் போனேன். நீ சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தாயே, அந்தக் கோப்பைகளில் உயரமானது அந்த மழையில் வந்தது.

இப்போது வாங்கியதைச் சொல்கிறேன். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டு மேல் நாம் வழக்கமாகப் போகிற கடைக்குத்தான் போனேன். கடைக்காரருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும், எங்கள் தெருக்காரர். அவரும் உன் கட்சிதான். "இன்னாக்கா, பேரு ரேஸு வண்டி, காலு கொக்கு காலாட்டம் கீது. பட்டையா நாலு போட்டுகினு போ, பையன் கல்யாணத்துல கெத்தா நிக்கும்" என்றார். நிற்பதற்கு நான் டயர் வாங்க வரவில்லை, ஓட்டுவதற்கு வாங்க வந்திருக்கிறேன் என்றேன். சோழவரத்துக்குப் பதிலாக வந்திருக்கிற புதுப் பந்தயத் தடத்தில் நல்ல வழவழப்பான ரோடு போட்டிருக்கிறார்கள், அங்கே அகலம்தான் ஜெயிக்கும் என்று விடாமல் பேசினார். காய்ந்த தடத்தில், பெரிய இன்ஜினுக்கு, அகல ரிம்மில், அவர் சொல்வது சரிதான். அதையும் ஒப்புக்கொண்டேன். என் இன்ஜின் பெரிதில்லை, என் ரிம் அகலமில்லை, என் தடத்துக்குப் போகிற வழியெல்லாம் மழைக்காலத்தில் குளம். அவருக்குத் திருப்தியில்லைதான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, கேட்டதைச் சரியாக மாட்டிக் கொடுத்தார்.

நீயும் பெங்களூரில் கார் வாங்கப் போவதாக அப்பா சொன்னார், அதனால் உனக்கும் சொல்லிவைக்கிறேன். டயர் மாற்றும்போது முதலில் ரிம்மைப் பார். ரிம் தாங்குகிற அகலத்துக்கு மேல் ஒரு விரல் கூட ஆசைப்படாதே. பிறகு வண்டியின் எடையையும் இன்ஜினின் பலத்தையும் பார். அதற்குப் பிறகு நீ தினமும் போகிற ரோட்டைப் பார், வருடத்துக்கு ஒருநாள் போகிற ரோட்டைப் பார்க்காதே. டயரின் உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் உன்னிடம் பொய் சொல்லும், அதையும் ஞாபகத்தில் வை. ஒரே அச்சில் இரண்டு விதமான டயர் போடாதே. டயர் சூடாகும் முன்னால் காற்றுப் பார். ஸ்டெப்னியில் மொட்டை டயரை ஒளித்துவைக்காதே, ஒருநாள் அதை நம்பித்தான் வீடு வந்து சேரவேண்டியிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில் வரட்டும். உனக்கு அது முதலில் வந்துவிடுகிறது, டயரிலும் சரி, கல்யாணத்திலும் சரி. ஊர் பார்க்கிற பக்கத்தை அகலப்படுத்திக்கொண்டே போனால் கைக்குப் பிடிமானம் இருக்காது. கொட்டுகிற மழையில் அது தெரியும்.

அவர்கள் பழைய மனிதர்கள் என்று எழுதினாய். இருக்கட்டுமே, நான் மட்டும் என்ன நேற்று பிறந்தவளா. அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகள் இப்படியா என்று பேசவில்லை. பேசுவார்கள் என்று நீயாக நினைத்து, நீயாகப் பயந்து, நீயாகவே என்னை என் வண்டியிலிருந்து இறக்கிவிட்டாய். நாளைக்கு அவர்களுக்குத் தெரிந்து ஏதாவது சொன்னால் நானே நேரில் நின்று பதில் சொல்லிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. என்னை எரிச்சல்படுத்துவது ஊர் இல்லை. தொண்டை கட்டக் கத்திய என் பிள்ளைக்கே இன்று நான் மறைக்கவேண்டிய ஆளாகிவிட்டேன், அதுதான். சொல்லிவிட்டேன். மனசு வலிக்கிறது என்று உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இவ்வளவோடு போயிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேனோ என்னவோ. கல்யாணம் முடியட்டும், பிறகு உன் காதைத் திருகிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு யோசனை இருந்தது. புது டயர் மாட்டிக்கொண்டு வந்து நிறுத்திய அன்று உன் அப்பா வாசலில் வந்து நின்றார். டயரைப் பார்த்துவிட்டு ஏதாவது கேலி பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் டயரைப் பார்க்கவே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று நடந்த ஒன்றைச் சொன்னார். தாம்பூலம் மாற்றி முடிந்து எல்லாரும் சாப்பிட எழுந்தபோது நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் அவர் பக்கத்தில் வந்து நின்றாளாம். யாருக்கும் கேட்காத குரலில், மாமா, கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுப்பீங்களா என்று கேட்டாளாம். வீட்டில் சைக்கிள்கூடத் தொடவிட்டதில்லையாம். நீங்கள் ரேஸ் ஓட்டியவர் என்று கேட்டதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பாம். இதை அவர் இத்தனை நாளாக மனசில் வைத்துக்கொண்டு தவித்திருக்கிறார். "அந்தப் புள்ள அவ்வளவு ஆசையா கேக்குது. நான் என்னத்தச் சொல்லுவேன்? தலைய ஆட்டிட்டு வந்துட்டேன், சோறு எறங்கல. நீ சொல்லுதியா, நான் சொல்லட்டுமா?" என்றார். உன் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. சிரிப்புக்காரர், அன்றைக்கு அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

யோசித்துப் பார். பழைய மனிதர்கள் வீட்டுக்குள் ஒருத்தி, ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆசைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எந்த வீட்டில் கேட்கலாமோ அந்த வீட்டுக்கே வரப்போகிறாள். கேட்கவேண்டிய ஆள் அன்றைக்குத் தாம்பூலத் தட்டோடு அவள் கண் முன்னாலேயே போய்வந்துகொண்டிருந்தாள். நீ சொன்ன பொய்யால் அவள் ஓட்டத் தெரியாத மனிதரிடம் போய்க் கேட்டுவிட்டு, அவர் தலையாட்டியதை நம்பிக்கொண்டிருக்கிறாள். என்னை மறைத்தது என்னோடு போகட்டும். அவளிடமிருந்து என்னை மறைத்ததை நான் விடமாட்டேன். கல்யாணத்துக்கு அடுத்த மாதம் புதுத் தடத்தில் போட்டி இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டேன், நான் ஓட்டுவேன். அவள் வந்து பார்க்கட்டும். பார்த்த பிறகு கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், குத்தம்பாக்கம் பக்கம் ஆளில்லாத ரோடு நிறைய இருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன். ஆசை போய்விட்டால் அதையும் அவளே சொல்லட்டும்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். உனக்கு வருவது கூரியரில் வரும், நாளைக்கே கையில் கிடைத்துவிடும். இன்னொன்று அவள் பெயருக்கு, காஞ்சிபுரத்துக்கு, சாதாரணத் தபாலில் போகிறது. ஒரு வரிகூட மாற்றவில்லை, உன்னைத் திட்டியது உட்பட. தபால் மெதுவாகத்தான் போகும். அது போய்ச் சேர்வதற்குள் நீ அங்கே போய் நின்று உன் வாயால் சொல்லிவிட்டால், அவள் அதைப் பிரிக்கும்போது அது உன்னைக் காட்டிக்கொடுத்த கடிதமாக இருக்காது, மாமியார் எழுதிய முதல் கடிதமாக இருக்கும். பெங்களூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு நேரே பஸ் இருக்கிறது. கிளம்பு.